ஈஸ்ட் கசடில் கிடைத்த உயிர்ச்சத்து: லூசி வில்ஸ்

மாவட்டத் தலைநகர் ஒன்றின் மகப்பேறு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் மிகுதியாகச் செய்த வேலை எது என்று கேட்டால், கர்ப்பிணிகளின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்துப் பரப்பி, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததுதான் என்பேன். பெரும்பாலான ஸ்லைடுகளில் தெரிவது இரும்புச்சத்துக் குறைவு. சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, வளையம்போல் கிடக்கும். எப்போதாவது ஒரு ஸ்லைடில் நேர்மாறான காட்சி தெரியும். சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெருத்து முட்டை வடிவில் இருக்கும். வெள்ளணுக்களில் ஒரு வகையின் உட்கரு மூன்று நான்கு மடல்களோடு நில்லாமல் ஆறு மடல்களாகப் பிரிந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு ஸ்லைடைக் காட்டிய மூத்த மருத்துவர், "இது போலேட் என்ற உயிர்ச்சத்துக் குறைவும்மா. பம்பாயில் உட்கார்ந்து இதற்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்மணியின் பெயர் லூசி வில்ஸ் என்று நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அறிந்த பிறகு, கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்பதிவு அந்தப் படிப்பின் விளைவு.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். தந்தை அறிவியல் பட்டதாரி. அரிவாள், கதிரறுக்கும் கருவிகள் போன்றவற்றைச் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தி வந்தார். தாய்வழிப் பாட்டனார் பர்மிங்காமில் மருத்துவர். பெண் பிள்ளைகளுக்கும் அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று எண்ணிய வீடு அது. செல்டனாம் பெண்கள் கல்லூரியில் படித்துவிட்டு, 1907இல் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் படித்தார். 1911இல் படிப்பு முடிந்தது, பட்டம் கிடைக்கவில்லை. தேர்வு எழுத விட்டார்கள், வகுப்பில் உட்கார விட்டார்கள், ஆனால் பெண்களுக்கு முழுப் பட்டம் தர கேம்பிரிட்ஜ் 1948 வரை மனம் வைக்கவில்லை. அப்போது லூசிக்கு வயது அறுபது. ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வே பெற்றுவிட்டிருந்தார்.

1911இல் தந்தையும் 1913இல் அக்காள் ஈடித்தும் இறந்தார்கள். அந்த 1913இல் லூசி தாயாரோடு இலங்கைக்குப் பயணம் போய் வந்தார். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போயிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் சில வாரங்கள் நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் ஈடுபட்டார். 1915 தொடக்கத்தில் நாடு திரும்பியதும் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிரிட்டனில் பெண்களை மருத்துவர்களாக்கவென்றே 1874இல் தொடங்கப்பட்ட பள்ளி அது; மாணவிகள் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பயிற்சி பெற்றனர். 1920இல் முப்பத்திரண்டாம் வயதில் மருத்துவரானார். ஆனால், மருத்துவராகத் தனியே தொழில் நடத்த அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீயின் நோய்க்குறியியல் பிரிவிலேயே தங்கி, கர்ப்ப காலத்தில் உடலின் வேதியியல் எப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்துதான் 1928இல் இந்தியாவுக்கு அழைப்பு வந்தது.

அழைத்தவர் மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவர். இந்தியாவில் பெண் மருத்துவர்களின் பணியை ஒழுங்குபடுத்திக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர். பம்பாயில் பேறுகால மரணங்கள் ஏன் இத்தனை என்று ஆராயும் திட்டம் ஒன்றை இந்திய ஆய்வு நிதிச் சங்கம் மேற்கொண்டிருந்தது. அதில் கர்ப்பிணிகளின் இரத்த சோகையை ஆராயும் பொறுப்பு லூசிக்குத் தரப்பட்டது. பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனம் அவருடைய பணியிடமாயிற்று. பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களிடமும் ஏழை முஸ்லிம் குடும்பப் பெண்களிடமும் கர்ப்பத்தின் பின்பாதியில் ஒரு கொடிய இரத்த சோகை காணப்பட்டது. உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி வந்து சேர்வார்கள். பலர் பிரசவத்தோடு இறந்துபோவார்கள். அவர்களுடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரிய பெரிய சிவப்பணுக்கள். நான் ஆய்வகத்தில் எப்போதாவது பார்த்து நின்ற அதே காட்சியை, லூசி பம்பாயில் நாள்தோறும் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய சிவப்பணு என்றால் அக்கால மருத்துவர்களுக்கு நினைவு வருவது பெர்னீசியஸ் அனீமியா என்ற நோய். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுவயது கடந்தவர்களைத் தாக்கிக் கொன்றுகொண்டிருந்த அந்நோய்க்கு, நாள்தோறும் நிறைய ஈரல் உண்ணக் கொடுத்தால் குணமாகும் என்று பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள் 1926இல் காட்டியிருந்தார்கள். பம்பாய்ப் பெண்களின் நோயும் அதுதான் என்று பெயர் வைத்துவிட்டுப் போவது எளிது. 'கர்ப்பகாலப் பெர்னீசியஸ் அனீமியா' என்ற பெயரும் புழக்கத்தில் இருந்தது. லூசி அந்தப் பெயரைத் தம் கட்டுரைகளில் பயன்படுத்தினாலும், அதற்குள் வேறொரு நோய் ஒளிந்திருப்பதைக் கண்டார். பெர்னீசியஸ் அனீமியா உள்ளவர்களின் வயிற்றில் அமிலம் சுரப்பதில்லை, நரம்புகளும் கெடும். இந்தப் பெண்களோ இளவயதினர், நரம்புகளுக்குப் பாதிப்பில்லை, அமிலமும் பலருக்குச் சுரந்துகொண்டிருந்தது.

அவர் முதலில் கிருமி ஏதேனும் காரணமா என்று தேடினார், கிடைக்கவில்லை. அடுத்து அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். தல்படே என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் சுகாதார நிலையையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1930இல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. நோய் மிகுந்திருந்த குடும்பங்களின் தட்டில் காய்கறி, பழம், புரதம் மூன்றும் மிகக் குறைவு. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பெண்களிடம் "நேற்று என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்க எங்களுக்கு நேரமும் இருந்ததில்லை, அது எங்கள் வேலை என்று தோன்றியதும் இல்லை. ஒரு நோய்க்குறியியலாளர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மொழி தெரியாத ஊரில், அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினார் என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பிறகு எலிகள். பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்கள் உண்ட உணவையே கருவுற்ற வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சோகை பிடித்து, குட்டி போடுமுன்பே மாண்டன. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் சோகை வரவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று எவரும் நம்பிவிடக்கூடிய முடிவு. ஆனால் அந்த எலிகளிடம் பேன் இருந்தது. பேன் வழியாகப் பார்ட்டொனெல்லா என்னும் கிருமி பரவி, அதுவே சோகையை உண்டாக்கியிருக்கக்கூடும் என்று தெரிய வந்தது. ஆய்வாளருக்கு இதைவிட மனம் நொறுங்கும் இடம் வேறில்லை. சாயம் கெட்டுப்போனதால் ஒரு நாள் ஸ்லைடுகள் அத்தனையையும் மறுபடி செய்ய நேர்ந்ததற்கே கண் கலங்கியவள் நான். லூசி எலிகளை விட்டுவிட்டு, பிலிமோரியா என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து ரீசஸ் குரங்குகளில் முதலிலிருந்து தொடங்கினார். அந்தக் குரங்குகளில் ஒன்று சாகும் தறுவாயில் இருந்தபோது, வேறு வழி தோன்றாமல் மார்மைட் கொடுத்துப் பார்த்தார் என்றும், அது வியக்கத்தக்க வகையில் எழுந்து உட்கார்ந்தது என்றும் சொல்லப்படுகிறது.

மார்மைட் என்பது பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட் கசடிலிருந்து காய்ச்சி எடுக்கும் கறுத்த, உப்புக் கரிக்கும் குழம்பு. 1902இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட தொழில். தமிழ்நாட்டில் பலருக்குப் பழக்கமில்லை; இலங்கை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே வீட்டுக்கு வீடு அந்தச் சிறு சீசாவைப் பார்க்கலாம். 1934, 1935 ஆண்டுகளில் இலங்கையை மலேரியா வாட்டியபோது ஊட்டமின்றி மெலிந்தவர்களுக்கு மார்மைட் கொடுக்கப்பட்டது.

லூசி அதை நோயுற்ற கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். ஓரிரு நாள்களில் பசி திரும்பியது. தொடர்ந்து சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறியது. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் இந்த முடிவுகளை வெளியிட்டபோது, ஈரல் சாற்றுக்கு இணையான ஆற்றல் மார்மைட்டுக்கு இருக்கிறது என்பதோடு, இந்தியாவில் அது மலிவாகக் கிடைப்பது பெரும் நன்மை என்பதையும் சேர்த்தே எழுதினார். மருந்தின் வீரியத்தையும் அதை வாங்கப்போகிறவளின் கைப்பணத்தையும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்த மனம் அது.

இங்கே நிறுத்தியிருந்தாலும் அவர் நினைக்கப்பட்டிருப்பார். ஆனால், அறிவியலில் அவர் செய்த ஆழமான பணி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஈரலில் உள்ள மருந்துப்பொருள் எது என்று தேடிய வேதியியலாளர்கள், ஈரல் சாற்றை மேலும் மேலும் தூய்மைப்படுத்திக்கொண்டே போனார்கள். தூய்மை கூடக் கூடப் பெர்னீசியஸ் அனீமியாவைக் குணப்படுத்தும் ஆற்றல் செறிந்தது. அந்தத் தூய சாற்றை லூசி தம்முடைய நோயாளிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. தூய்மைப்படுத்தாத பழைய சாற்றைக் கொடுத்தார், குணம் தெரிந்தது. அப்படியானால், தூய்மைப்படுத்தும்போது வடிகட்டி வெளியே எறியப்படும் பகுதியில்தான் இந்தப் பெண்களுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது. ஈரலில் ஒன்றல்ல, இரண்டு மருந்துப்பொருள்கள் உண்டு. ஈஸ்டில் இருப்பது இரண்டாவது. 1937இல் உயிர்வேதியியல் ஆய்விதழில் அவரும் உடன் உழைத்தவர்களும் இதை வெளியிட்டனர். பெயரறியாத அந்தப் பொருளை உலகம் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தது.

ஒரு மருந்து எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்றால், நோயாளியின் மீதோ ஆய்வின் மீதோ பழியைப் போட்டு நகர்ந்துவிடுவது மனித இயல்பு. லூசி அந்தத் தோல்வியையே சான்றாகக் கொண்டார். முதல் பொருள் இன்று நாம் பி12 என்று அறிகிற உயிர்ச்சத்து. அது தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். இரண்டாவது போலேட்; மருந்தாகக் கொடுக்கும்போது அதன் பெயர் போலிக் ஆசிட். இரண்டும் இல்லாமல் செல்லால் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க முடியாது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சிவப்பணுவின் தாய்ச்செல் வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாமல் திணறும். அதனால்தான் எண்ணிக்கை குறைந்து உருவம் பெருக்கிறது. எது குறைந்தாலும் நுண்ணோக்கியில் தெரியும் காட்சி ஒன்றே. அதனால், பி12 குறைந்தவருக்குப் போலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும், நரம்புகளோ கெட்டுக்கொண்டே போகும். இரண்டையும் வேறென்று பிரித்துணர்ந்தது எத்தனை உயிர்களையும் கால்களையும் காத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

லூசியின் கதையில் நம் ஊர்களும் வருகின்றன. 1929 கோடையில் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து வேலை செய்தார். அங்கே ஊட்டச்சத்து ஆய்வுக்குத் தலைவராக இருந்த இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். கோதுமை, பால், காய்கறியோடு சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர, சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை நலிந்துபோனதைக் காட்டியவர். 1931 தொடக்கத்தில் லூசி சென்னையில் இருந்தார். அவர் பணியாற்றிய இடம் அன்றைய கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை.

அந்த மருத்துவமனையைத் தொடங்கிய மேரி ஷார்லீப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்து, ஆண் மருத்துவரைப் பார்க்க முடியாமல் பிரசவத்தில் சாகும் பெண்களைக் கண்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் அவர். 1885இல் கோஷா மருத்துவமனையைத் தொடங்கினார்; லண்டன் திரும்பி 1902இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவரானார். அவர் சென்னையிலிருந்து ராயல் ஃப்ரீக்குப் போனார். லூசி ராயல் ஃப்ரீயிலிருந்து அவர் தொடங்கிய மருத்துவமனைக்கே வந்தார். நான் திருவல்லிக்கேணிப் பக்கம் போகும்போதெல்லாம் பேருந்திலிருந்து அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கிறேன்.

1941இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மூவர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து போலிக் ஆசிட் என்று பெயரிட்டார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் அதைச் செயற்கையாக உருவாக்கியது. அந்த ஆய்வுப் பிரிவை வழிநடத்தியவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதராடை அணிந்ததற்காகப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டுக் குறைந்த தகுதிச் சான்றோடு வெளியேறியவர். லூசிக்கு கேம்பிரிட்ஜ் செய்ததையும் இதையும் சேர்த்து நினைத்தால் மனம் கனக்கிறது. சுப்பாராவின் குழு போலிக் ஆசிட்டைப்போலவே தோற்றம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளையும் செய்தது. அதைக்கொண்டு 1948இல் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணியும் என்று காட்டினார். செல்கள் பெருகுவதற்கு எது வேண்டும் என்று தெரிந்ததால்தான், பெருகக்கூடாத செல்களிடமிருந்து அதை மறைக்கவும் முடிந்தது.

லூசி 1933இல் ராயல் ஃப்ரீக்கு முழுநேரமாகத் திரும்பினார். 1937 நவம்பரில் கடல் விமானத்தில் புறப்பட்டு வந்து இன்னும் பத்து வாரம் ஹாஃப்கின் நிறுவனத்தில் உழைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பங்கீட்டுக் காலத்துக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து கொடுப்பதால் என்ன பயன் என்று ஆராய்ந்தார். 1944 ஜூலையில் மருத்துவமனைமீது விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டு பலரைக் கொன்றதோடு ஆய்வுப் பணிகளையும் சிதைத்தது. 1947இல் ஓய்வு பெற்ற பின்பும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் மக்களின் உணவையும் இரத்த சோகையையும் ஆராய்ந்தார். லண்டனின் செல்சி நகராட்சியில் தொழிற்கட்சி உறுப்பினராகப் பத்தாண்டுகள் பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் விருப்பம் கொண்டவர். காரை விடுத்து மிதிவண்டியில் வேலைக்குப் போனவர். 1964 ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார்.

அவரால் காண முடியாமல் போன ஒன்று உண்டு. கரு உருவான முதல் நான்கு வாரங்களில், பல பெண்களுக்குத் தாம் உண்டாகியிருப்பதே தெரியாத நாள்களில், சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் மூடிக்கொள்கிறது. அப்போது போதிய போலேட் இல்லையெனில் அது மூடாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு, முன்பு இக்குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் ஆசிட் கொடுத்தால் அடுத்த குழந்தைக்கு அது வருவது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அந்தக் குறையோடு பிறந்த சிசுக்களை எங்கள் மருத்துவமனையில் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மாரின் முகத்தை விவரிக்க எனக்கு மனமில்லை.

இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் மூன்று மாதம் 400 மைக்ரோகிராம் போலிக் ஆசிட்டும், நான்காம் மாதத்திலிருந்து 60 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிட் சேர்ந்த சிவப்பு மாத்திரையும் இலவசமாகத் தருகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய்க் கொடுத்தாலும், "வாந்தி வருது", "மலம் கறுப்பாப் போகுது" என்று சொல்லி அலமாரியில் போட்டுவிடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்ன என் தங்கை மகளிடம் சென்ற மாதம் லூசி வில்ஸின் கதையைச் சொன்னேன். குரங்கு பிழைத்த இடத்தில் சிரித்தாள். பிறகு, அந்தப் பம்பாய்ப் பெண்களின் பெயர் என்ன என்று கேட்டாள். அவர்கள் இரத்தத்தில் எத்தனை சிவப்பணுக்கள் இருந்தன, எந்த நாளிலிருந்து கூடத் தொடங்கின என்பதைத்தான் அந்தக் காலக் கட்டுரைகள் கணக்கெடுத்து வைத்திருக்கின்றன என்று அவளிடம் சொன்னேன்.